எட்டு வரிக்குள் ஒரு கட்டுரை

"நிறுத்து!" என்று கத்தினேன்.

சந்துரு நிறுத்தவில்லை. கூடத்தில் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, கண்ணை மூடியபடி இங்கிலீஷில் பொழிந்துகொண்டிருந்தான். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. பாடமாக வைத்திருந்த சோக நாடகத்தில் ராஜா அழிந்துபோனதற்குக் காரணம் விதியா, அவருடைய குணமா? சந்துரு அப்போது இங்கிலாந்தின் சீதோஷ்ண நிலையில் இருந்தான். அங்கிருந்து நாடகக் கொட்டகைகள் தோன்றிய வரலாற்றுக்குப் போனான். பிறகு நாடகாசிரியரின் தகப்பனார் என்ன தொழில் செய்தார் என்பதற்கு வந்தான். சுவர்க் கடிகாரம் அரை மணி அடித்தது. ராஜா இன்னும் மேடைக்கே வரவில்லை.

"ராஜா எப்போ சாகப் போறார்?" என்றேன்.

கண்ணைத் திறந்தான். "கொஞ்சம் பொறேன். பீடிகை போட்டுண்டிருக்கேன்."

"பேப்பர் திருத்தறவன் பொறுக்க மாட்டான்."

"கோமதி, நீ இன்டர்மீடியட்தான் பாஸ் பண்ணியிருக்கே. நான் பி.ஏ."

"பி.ஏ. ஃபெயில்," என்றேன். "அதுவும் ரெண்டு தரம்."

சந்துரு என் அண்ணா. என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். அவனுக்குக் கோபமே வராது, அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காத விஷயம். சிரித்துக்கொண்டே மறுபடியும் கண்ணை மூடி, விட்ட இடத்தில் ஆரம்பித்தான்.

அப்பா போட்ட சட்டம்

யுத்த பயத்தில் மயிலாப்பூரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியதையும், நாங்கள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்ததையும் போன வாரம் எழுதினேன். ஓடிப்போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து, பூட்டின வீடுகளைத் திறந்து ஒட்டடை அடித்த பிறகு நடந்தது இது. கோயில் குளத்துக்கு வடக்கே எங்கள் வீடு. அப்பா சர்க்கார் ஆபீஸில் ஹெட்கிளார்க். அம்மா, அப்பா, சந்துரு, நான் என்று நாலே பேர்.

நான் இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பு வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அந்த ஒரு வருஷமும் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். பெண்கள் காலேஜில் பி.ஏ. சேரவேண்டும், அதுவும் இங்கிலீஷ் இலக்கியம் எடுக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்று நாசூக்காகச் சொல்கிறேன். வெறி.

அப்பா படிப்புக்கு விரோதி இல்லை. அவருக்கு வேறு சங்கடம்.

"அண்ணா ஃபெயில், தங்கை பி.ஏ.ன்னா ஊர் கைகொட்டிச் சிரிக்கும்," என்றார் ஒருநாள் அம்மாவையும் என்னையும் வைத்துக்கொண்டு. "அவன் தெருவில தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா? மொதல்ல அவன் பாஸ் பண்ணட்டும். மறுநாளே உன்னைச் சேர்த்துவிடறேன். ஆனா இது அவன் காதுல விழப்படாது. பாவம், மனசு ஒடிஞ்சு போயிடுவான்."

இதுதான் சட்டம். சந்துருவுக்குத் தெரியாமல் சந்துருவுக்காகப் போட்ட சட்டம். அம்மா என் ஜாதகத்தைப் பிரதி எடுத்து இரண்டு இடத்துக்கு அனுப்பியும் இருந்தாள். இன்னும் ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் காலேஜ் இல்லை, கல்யாணம்தான் என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது.

சந்துரு மற்ற பாடங்களில் எல்லாம் பாஸ். பாக்கி இங்கிலீஷ் ஒன்றுதான். சரி, இவனை நானே பாஸ் பண்ண வைக்கிறேன் என்று கிளம்பினேன். முடியுமா என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை. அவனுடைய பாடப் புத்தகங்களை எல்லாம் அவனுக்கு முன்னாலேயே நான் படித்து முடித்திருந்தேன்.

உபந்நியாசம் கேட்டுக் கெட்டவன்

இங்கே ஒன்று சொல்லவேண்டும். சந்துரு மக்கு இல்லை. ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த வெள்ளைக்காரனிடம் செங்கல்பட்டு வரைக்கும் இங்கிலீஷில் பேசி, அவனை அசரவைத்தவன். பிறகு ஏன் இங்கிலீஷிலேயே ஃபெயில் ஆகிறான் என்று அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. காரணமே அப்பாதான்.

அப்பாவுக்கு உபந்நியாசம் என்றால் உயிர். குளத்தங்கரைப் பக்கம் யார் வந்து கதை சொன்னாலும், ஆபீஸிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார். நாலு வயதிலிருந்து சந்துருவைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தக் காலத்து பாகவதர்கள் லேசில் கதைக்கு வரமாட்டார்கள். முதல் நாள் முழுக்கப் பீடிகைதான். இரண்டாம் நாள் கதை ஆரம்பிக்கும். ஆரம்பித்ததுமே ஒரு கிளைக்கதை வரும், அதற்குள் இன்னொரு கிளை. ஒரு பாகவதர் பத்து நாள் சொல்லியும் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையை அழைத்துவரவில்லை. ஜனங்கள் ஆகா ஆகா என்று கேட்டார்கள். எவ்வளவு சுற்றி வந்தால் அவ்வளவு வித்வத் என்று எண்ணம்.

நம் சந்துரு அதையே இங்கிலீஷில் செய்தான். பரீட்சையில் மூன்று மணி நேரம், ஐந்து கேள்வி. முதல் கேள்விக்குப் பீடிகை போட்டு முடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். இரண்டாவதில் பாதி வழியில் மணி அடித்துவிடும். வீட்டுக்கு வந்து, "ஜமாய்ச்சுட்டேன்பா" என்பான். அப்பாவும் பூரித்துப் போவார்.

(மாமி, நீங்கள் மட்டும் என்னவாம் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்கிறார். சரிதான். நானும் அதே அப்பாவின் பெண். ஆனால் நான் பரீட்சை எழுதவில்லை, பத்திரிகைக்கு எழுதுகிறேன். இங்கே மணி அடிக்கிறவர் யாரும் இல்லை.)

ஸ்லேட்டு

யுத்தத்தில் அரிசி, மண்ணெண்ணெய், காப்பிக்கொட்டை எல்லாமே அபூர்வமாகிவிட்டது. காகிதமும் அப்படித்தான். ஒரு தாள் கிடைத்தால் பென்சிலால் எழுதி, அதன்மேலேயே மறுபடி பேனாவால் எழுதுவோம். கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம், மருந்துப் பொட்டலம் எல்லாம் பத்திரமாக எடுத்துவைப்போம். பழகிப் பார்க்கக் கட்டுரையை முழுசாக எழுதுவது என்பது கனவில்கூட நடக்காது.

பரணிலிருந்து எங்கள் பழைய ஸ்லேட்டை இறக்கினேன். மரச்சட்டம் ஒரு மூலையில் பெயர்ந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்ததும் குழந்தையில் முகர்ந்த அதே மண்வாசனை வந்தது. கொஞ்சம் சின்ன எழுத்தாக எழுதினால் எட்டு வரி கொள்ளும்.

"இனிமே நீ கட்டுரை எழுத வேண்டாம்," என்றேன். "இந்த எட்டு வரி எழுதினால் போதும்."

"எட்டு வரியில எந்தக் கட்டுரை எழுத முடியும்?"

"கட்டுரை இல்லை, அதுக்குப் பிளான். மொத வரியில உன் பதில். விதியா, குணமா? வளவளன்னு இழுக்காம ஒண்ணைச் சொல்லு."

யோசித்தான். "குணம்."

"ஏன்? மூணு காரணம் சொல்லு. ஒவ்வொண்ணுக்கும் நாடகத்தில எந்த இடம்னு சொல்லு. ஆறு வரி ஆச்சா? கடைசி வரியில, விதின்னு சொல்றவனுக்கு உன் பதில் என்ன? அவ்வளவுதான். இதைப் பார்த்துண்டே வாயால சொல்லு."

"இங்கிலாந்து?"

"இங்கிலாந்து இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்."

சொன்னால் நம்பமாட்டீர்கள், அவன் சொன்னான். எட்டு வரியைப் பார்த்துக்கொண்டே இருபது நிமிஷத்தில் முழுக் கட்டுரையையும் இங்கிலீஷில் சொல்லி முடித்தான். ராஜா செத்தார். எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. அவனிடம் இவ்வளவு சரக்கு இருக்கிறது என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். ஸ்லேட்டில் இடம் இல்லாததால் பீடிகை போட வழியில்லாமல் போய்விட்டது.

வாசல் அறை மாணவன்

இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு மாணவனும் சேர்ந்தான். ரஹ்மத்துல்லா. தேனாம்பேட்டைக்காரன். அவன் அப்பாவுக்கு ஜவுளி வியாபாரம். சந்துருவோடு காலேஜில் படித்து, அவனைப் போலவே இங்கிலீஷில் இரண்டு தரம் கவிழ்ந்தவன். ஆனால் அவன் வியாதி வேறு. கடையில் விற்கும் நோட்ஸ் புத்தகத்தை வரிக்கு வரி உருப்போட்டு வைத்திருப்பான். கேள்வி கொஞ்சம் திரும்பி நின்றாலும் திகைத்துப்போவான்.

வாசல் அறையில் ஜன்னலோரமாக உட்காருவான். நான் உள்வாசற்படியில் நின்றுகொண்டு சொல்லிக்கொடுப்பேன். அம்மா அவனுக்கென்று தனி டம்ளர் வைத்திருந்தாள். அப்படியும் இருந்தோம் என்பதை எழுதித்தானே ஆகவேண்டும்? அவன் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவான்.

"தங்கச்சி, நீ சொல்லிக்கினே இரு, நான் போட்டுக்கினே வர்றேன்," என்பான். அவனும் மடியில் ஒரு ஸ்லேட்டு வைத்திருந்தான். கேள்வியைச் சொன்னதும், நோட்ஸில் மனப்பாடம் பண்ணினது நாக்கு நுனியில் வந்து நிற்கும். பல்லைக் கடித்துக்கொண்டு அதை விழுங்குவான்.

"இன்னா கொடுமை தங்கச்சி இது! நாலு வருசமா உள்ள போட்டதெல்லாம் நான் வர்றேன் நான் வர்றேன்னு முட்டிக்கினு நிக்குது."

"அதுல கேள்விக்கு வேண்டியது மட்டும் மூணு எடு. மிச்சத்தைத் திருப்பி அனுப்பிடு."

"கூட்டத்துல மூணு பேரை மட்டும் வுடணும். அப்படித்தானே? சரி, வுட்டுட்டேன்."

பங்குனி வெயில் ஏறிக்கொண்டிருந்த காலம். காலையில் இரண்டு கேள்வி, சாயங்காலம் இரண்டு கேள்வி. துடைத்துத் துடைத்து ஸ்லேட்டு வெளுத்துவிட்டது. பரீட்சைக்கு முன்தினம் இரண்டு பேரையும் வைத்துக் கடைசியாக ஒரு சுற்றுப் பார்த்தேன். எந்தக் கேள்வியைக் கொடுத்தாலும் ஐந்து நிமிஷத்தில் எட்டு வரி தயார். நான் காலேஜுக்கு எந்தப் புடவை கட்டிக்கொண்டு போவது என்பதுவரை தீர்மானித்துவிட்டேன்.

வெள்ளைத் தாள்

பரீட்சையன்று சந்துரு சாயங்காலம் வீடு திரும்பியபோது நான் வாசலிலேயே நின்றிருந்தேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முகம் ஜொலித்தது.

"கோமதி! அமர்க்களம்! விதியா குணமான்னே கேட்டுட்டான்!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. "எட்டு வரி போட்டியா?"

"எட்டு வரியா! அதைக் கேளு. பேப்பரைக் கொடுத்தான் பாரு, வெள்ளை வெளேர்னு. எவ்வளவு நாள் ஆச்சு அந்த மாதிரி பேப்பரைத் தொட்டு! வழவழன்னு இருந்தது. மூணு காரணம் எழுதினேன். இடம் நிறைய இருந்ததா, ஒவ்வொரு காரணத்துக்கும் மூணு உபகாரணம் போட்டேன். ஒவ்வொண்ணுக்கும் மூணு இடம். அப்புறம் எதிர்க்கட்சிக்கு அதே மாதிரி ஒரு பிளான். கோடு போட்டு, நம்பர் போட்டு, பார்க்கறதுக்கே லட்சணமா இருந்தது. அஞ்சு கேள்விக்கும் அப்படியே."

"கட்டுரை எத்தனை எழுதினே?"

"ஒண்ணரை."

"என்னது?"

"ஒண்ணு முழுசா. ரெண்டாவது பாதியில மணி அடிச்சுட்டான். அதனால என்ன? பிளான் எல்லாம் இருக்கே. திருத்தறவன் புத்திசாலியா இருந்தா அதைப் பார்த்தே மார்க் போட்டுடுவான்."

நான் உள்ளே போய் அடுக்களைச் சுவரில் சாய்ந்து நின்றேன். முன்பு பீடிகை போட்டே மணி அடித்தது. இப்போது பிளான் போட்டே மணி அடித்திருக்கிறது. உபந்நியாசத்தை ஒரு வாசலில் துரத்தினேன். இன்னொரு வாசல் வழியாக வந்து கால் நீட்டி உட்கார்ந்துவிட்டது. என் பிளானில் ஒரு தப்பும் இல்லை, இன்றைக்கும் அதைச் சொல்வேன். தப்பெல்லாம் அந்த வெள்ளைக் காகிதத்தின் மேல்தான்.

அப்பாவிடம், "ஜமாய்ச்சுட்டேன்பா" என்று அவன் சொல்வது கூடத்திலிருந்து கேட்டது.

பேப்பரில் வந்த நம்பர்

ரிசல்ட் வந்த காலையில் பத்திரிகையை எடுத்துக்கொண்டு ரஹ்மத்துல்லாதான் வந்தான். அப்பா ஆபீஸுக்குப் போய்விட்டிருந்தார். தேனாம்பேட்டையிலிருந்து நடந்தே வந்திருக்கவேண்டும். செருப்பெல்லாம் புழுதி. வாசல் அறையில் உட்காராமல் நின்றான்.

"தங்கச்சி, என் நம்பர் கீது," என்றான். சந்தோஷமே இல்லாத குரலில் சொன்னான்.

சந்துரு பத்திரிகையை வாங்கி விரலால் தடவித் தடவிப் பார்த்தான். முன்னாலிருந்து பார்த்தான், பின்னாலிருந்து பார்த்தான். மடித்துத் திருப்பிக் கொடுத்தான். "திருத்தினவன் புத்திசாலி இல்லை போலிருக்கு," என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கிளப்பிவிட்டது.

"சிரிக்கிறியா? நன்னாச் சிரி! உன் பிளானைக் கொண்டுபோய்க் குளத்தில போடு! உன்னால என் காலேஜ் போச்சு!"

"உன் காலேஜுக்கும் என் ரிசல்ட்டுக்கும் என்னடி சம்பந்தம்?"

"கோமதி, வாயை மூடு," என்று அம்மா ஓடிவந்தாள். மூடுவேனா? ஒரு வருஷமாக வாய்க்குள் வைத்திருந்தது அத்தனையும் கொட்டினேன். அப்பா சொன்னது, அவன் காதில் விழக்கூடாது என்றது, ஜாதகம் போனது, ஸ்லேட்டும் கையுமாக அவனைத் துரத்தினது எதற்காக என்பது, எல்லாம். ரஹ்மத்துல்லா தலையைக் குனிந்துகொண்டே படியிறங்கிப் போனான். சந்துரு அசையாமல் கேட்டான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லாமல் நான் பார்த்தது அன்றைக்குத்தான். சட்டையை மாட்டிக்கொண்டு அவனும் வெளியே போனான். மத்தியானம் சாப்பிட வரவில்லை.

சாயங்காலம் அப்பா ஊஞ்சலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது வந்தான். நேராக அவர் எதிரே போய் நின்றான்.

"அப்பா, கோமதியை நாளைக்குக் காலேஜ்ல சேர்க்கணும்."

அப்பா என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டார். "உன் நன்மைக்குத்தானேடா..." என்றார்.

"தெரியும்பா. நான் தலை நிமிர்ந்து நடக்கணும்னு நெனச்சேள். இன்னிக்குப் பூரா குளத்தைச் சுத்திச் சுத்தி நடந்தேன். தலை நிமிரவே இல்லை. பரீட்சைக்காக இல்லைப்பா, அது எனக்குப் பழகிப்போச்சு. எனக்காக ஒருத்தி படிக்காம ஆத்துல உட்கார்ந்திருக்கான்னு தெரிஞ்சப்புறம் எப்படிப்பா நிமிர முடியும்?"

"ஊர் என்னடா சொல்லும்?"

"என்னைப் பத்தி ஊர் சொல்ல வேண்டியதை ரெண்டு தரம் சொல்லியாச்சு. மூணாவது தரமும் சொல்லிட்டுப் போகட்டும்."

அப்பா டம்ளரை டவராவில் கவிழ்த்து வைத்தார். ஊஞ்சலைக் காலால் உந்தினார், சங்கிலி முனகியது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நாளைக்கு வியாழக்கிழமை," என்றார் கடைசியில். "ராகுகாலம் ஒண்ணரை மணிக்குத்தான். காத்தாலேயே போயிட்டு வந்துடுங்கோ. சந்துரு, நீயே அழைச்சுண்டு போ."

சந்துரு பாஸ் பண்ணினானா என்று கேட்பீர்கள். அந்தச் செப்டம்பரிலேயே பண்ணினான். கேள்வித்தாளின் ஓரத்திலேயே பிளான் போட்டுக்கொண்டானாம். அங்கே இடம் கம்மி.

டிராமில்

பிரின்ஸிபால் வெள்ளைக்கார அம்மாள். மெலிந்த தேகம், மூக்கு நுனியில் கண்ணாடி. என் மார்க்கைப் பார்த்துவிட்டு, ஒரு வருஷம் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டாள். நான் விழித்தேன். அவள் சந்துருவிடம் திரும்பினாள்.

"நீங்கள் இவளுடைய அண்ணாவா? பட்டதாரியா?"

சந்துரு நிமிர்ந்து நின்றான். செங்கல்பட்டு வரைக்கும் பேசின அதே இங்கிலீஷில் சொன்னான்: "இல்லை, மேடம். மூன்று தரம் தவறிவிட்டேன். கடைசித் தரம் இவள்தான் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். இவள் சொன்னபடி எழுதின என் நண்பன் பாஸ் பண்ணிவிட்டான். நான் அப்படி எழுதவில்லை."

வராந்தாவில் காத்திருந்த பெண்களும் அவர்களோடு வந்த பெரியவர்களும் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். சந்துரு யாரையும் பார்க்கவில்லை. அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு, எந்தப் பாடம் வேண்டும் என்று கேட்டாள். இங்கிலீஷ் இலக்கியம் என்றேன். கையெழுத்துப் போட்டாள்.

திரும்பும்போது டிராமில் கூட்டம் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெயிலும் கடல்காற்றும் சேர்ந்து முகத்தில் அடித்தன. அத்தனை பேர் நடுவில் அவன் நின்ற விதம் கண்முன்னாலேயே இருந்தது. எதற்கும் அழாதவள் நான். அன்றைக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன், நிறுத்தவே முடியவில்லை.

சந்துருவுக்கு ஒன்றும் புரியவில்லை. பயந்துபோய் என் பக்கம் குனிந்தான்.

"என்னடி இது? ஃபெயிலானவன் நான். நீ எதுக்கு அழறே?"